மேல் மாடியில் குளிர், கையில் 640 யூரோ கணக்கு

கேள்வி: ஐயா, ஜேர்மனியின் டோர்ட்முண்டில் 12 வீடுகள் உள்ள கட்டடத்தில் நாலாம் மாடி மூலை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நிலவறையில் ஒரே காஸ் பொயிலர். ஹீற்றரை 5இல் வைத்தாலும் பிள்ளைகளின் அறை 17 பாகையைத் தாண்டாது. கீழ் வீட்டுக்காரரோ மார்கழியிலும் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். உரிமையாளரிடம் சொன்னால், "நீங்கள் வெயில் நாட்டு ஆட்கள், அப்படித்தான் இருக்கும்" என்று சிரிக்கிறார். இதற்கிடையில் 2024ஆம் ஆண்டுக்கான ஹைசுங் (வீட்டைச் சூடாக்கும் செலவு) கணக்கு 2026 ஜனவரி 14இல் வந்தது. 640 யூரோ மேலதிகமாகக் கட்டவேண்டுமாம். குளிரில் கிடந்தவர்கள் ஏன் கட்டவேண்டும்? அடுத்த மாத வாடகையை நிறுத்தினால் என்ன?

பதில்: வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கோபத்தில் இரண்டு மாத வாடகையை நிறுத்திவிட்டு, வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தோடு என்னிடம் வருகிறவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு. அந்த அளவுக்கு நிலுவை சேர்ந்தால் முன்னறிவித்தல் இல்லாமலே ஒப்பந்தத்தை முறிக்க உரிமையாளருக்குச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், எவ்வளவு குறைக்கலாம் என்ற கணக்கில் பிழை விட்டால் அதன் சுமை உங்கள் தலையில்தான் விழும்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. முதலில் சுலபமானது: அந்த 640 யூரோ. சிவில் சட்டக்கோவையின் 556ஆம் பிரிவுப்படி, கணக்குக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் கணக்கு வாடகையாளரின் கைக்கு வந்திருக்கவேண்டும். உங்கள் கணக்குக் காலம் 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை என்றால், கடைசி நாள் 2025 டிசம்பர் 31. கடிதத்தில் போட்ட திகதி முக்கியமில்லை; தபால்பெட்டியில் விழுந்த நாள்தான் கணக்கு. இரண்டு வாரம் பிந்தியதற்குத் தான் பொறுப்பில்லை என்று உரிமையாளர் காட்டாவிட்டால் மேலதிகப் பணம் கேட்க முடியாது. ஆனால் சிலரின் கணக்குக் காலம் மே முதல் ஏப்ரல் வரை ஓடும்; அப்போது கடைசி நாளும் மாறும். கணக்கின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். உறை இருந்தால் எறியாதீர்கள்.

அடுத்தது குளிர். இதற்கு உங்கள் நாடு காரணமில்லை, தண்ணீர்தான் காரணம். சூடான தண்ணீர் பம்பிலிருந்து புறப்பட்டு, தடை குறைந்த வழியாக ஓடும். பொயிலருக்குப் பக்கத்தில் உள்ள ஹீற்றர்கள் தேவைக்கு மேல் குடித்துவிடும். கடைசி மாடி மூலைக்கு மிச்சம்தான் வரும். இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு ஹீற்றரின் வால்விலும் அந்த அறைக்கு எவ்வளவு தண்ணீர் போகவேண்டும் என்று கணக்கிட்டு அளவு வைப்பார்கள். இதை இங்கே ஹைட்ராலிஷர் அப்கிளைஹ், அதாவது தண்ணீரைச் சமன்படுத்தல், என்பார்கள். அதைச் செய்யாமல் பம்பைக் கூட்டினால் கீழ் வீடுதான் இன்னும் கொதிக்கும். நீங்கள் 5இல் வைப்பதும் உதவாது. 3 என்பது சுமார் 20 பாகை. 5 என்றால் இன்னும் உயர்ந்த இலக்கு, அவ்வளவுதான். தண்ணீரே வராத குழாயில் இலக்கை உயர்த்தி என்ன பயன்?

12 வீட்டுக் கட்டடம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2022 இல் வந்த எரிசக்திச் சேமிப்பு விதி, குறைந்தது 10 வீடுகளும் காஸ் மையச் சூடாக்கியும் உள்ள கட்டடங்களின் உரிமையாளர்களை, சில விதிவிலக்குகளோடு, 2023 செப்டம்பர் 30க்குள் இந்தச் சமன்படுத்தலைச் செய்யச் சொன்னது. அந்த விதி 2024 இல் காலாவதியாகிவிட்டது. ஆனாலும் "அப்போது செய்த சான்றிதழைக் காட்டுங்கள்" என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். சிரிப்பு கொஞ்சம் குறையும்.

வாடகைக் குறைப்புக்கு ஆதாரம் அதே சட்டக்கோவையின் 536ஆம் பிரிவு. குளிர்காலத்தில் பகலில் வசிக்கும் அறை 20 பாகையாவது இருக்கவேண்டும் என்பதே நீதிமன்றங்களின் பொதுவான நிலை. 17 பாகை குறைபாடுதான். எத்தனை வீதம் என்பது ஒவ்வொரு வழக்கிலும் வேறு. நான் எண் சொல்லி உங்களை மாட்டிவிடமாட்டேன். ஆனால் எழுத்தில் அறிவிக்காமல் குறைத்தால் பெரும்பாலும் தோற்பீர்கள். இரண்டு வாரத்துக்கு காலை, மத்தியானம், இரவு என்று அறையின் நடுவில், தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் வெப்பமானியை வைத்து எழுதுங்கள். வெப்பமானியைப் படம் எடுங்கள். அயலவர் ஒருவரைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். பிறகு கால அவகாசம் போட்டுக் குறைபாட்டுக் கடிதம், ஐன்வூர்ஃப்-ஐன்ஷ்ரைபன் (பெட்டியில் போட்டதைப் பதிவுசெய்யும்) தபாலில். அதுவரை முழு வாடகையையும் "உண்டர் ஃபோர்பெஹால்ட்", அதாவது உரிமை கைவிடாமல், என்று குறிப்பிட்டுக் கட்டுங்கள். அப்படிக் குறிப்பிடாமல், குறைபாட்டைத் தெரிந்துகொண்டே கட்டியதைத் திரும்பக் கேட்பது கடினம்.

குளிரில் கிடந்தும் ஏன் கட்டவேண்டும் என்ற கேள்விக்கு: செலவின் ஒரு பகுதி, 30 முதல் 50 வீதம், பரப்பளவின்படி பிரிக்கப்படும். மீதிதான் மீற்றர்ப்படி. நாள் முழுக்க இளஞ்சூடாக இருக்கும் ஹீற்றரும் மீற்றரில் அலகு சேர்க்கும். மூலை வீடு, மேல் வீடு என்பதற்குக் கழிவு கொடுக்க சட்டத்தில் வழியில்லை. இது எனக்கும் நியாயமாகப் படவில்லை. ஒரு விதி உண்டு: 1994ஆம் ஆண்டு வெப்பக்காப்புத் தரத்துக்குக் கீழான காஸ் கட்டடத்தில், வெளியே தெரியும் குழாய்கள் பெரும்பாலும் காப்பிடப்பட்டிருந்தால் 70 வீதம் மீற்றர்ப்படி போகவேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வாடகையாளர் அதைக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் கேட்கமுன் கணக்கைப் பாருங்கள். உங்கள் அலகுகள் கட்டடத்தின் சராசரியைவிடக் கூட என்றால் 70 வீதம் உங்கள் பொக்கற்றைத்தான் கடிக்கும்.

அயலவர்களின் மீற்றர் அளவுகளையும் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2018 பெப்ரவரித் தீர்ப்பு அது. கீழ் வீட்டின் மீற்றர் அளவு தெரிந்தால் உரிமையாளரிடம் பேச்சு எளிதாகும். வருமானம் குறைவென்றால் அம்ற்ஸ்கெரிக்ற்றில் (உள்ளூர் நீதிமன்றத்தில்) பெராற்றுங்ஸ்ஹில்ஃப-ஷைன், அதாவது சட்ட ஆலோசனை உதவிச் சான்று, எடுத்து வாருங்கள். வழக்கறிஞருக்கு 15 யூரோதான். கணக்கையும் அந்த உறையையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.