மொத்த விற்பனைக்கு மீன் கொடுப்பவர் என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

கேள்வி: சொந்தப் படகில் பிடிக்கும் மீனை மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்கிறேன். என்னென்ன பதிவுகள் வைத்திருக்க வேண்டும்? எத்தனை காலம்?

நான் படகுக்காரன் இல்லை. படகுகளிடம் மொத்தமாக வாங்கும் இடத்தில், எடை மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் சீட்டு எழுதியவன். அதனால் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எப்படியும் உங்களிடம் முதலில் கேட்கப்போகிறவர் அவர்தான்.

விற்ற பில்லை எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பார்கள். அந்தப் பில்லில் இருக்கும் நூறு கிலோ எந்தப் பயணத்தில், எந்தக் கடல் பகுதியில், எந்த வலையில் வந்தது என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

முழித்தவர்களில் நானும் ஒருவன். ஒரு சாயங்காலம் இரண்டு படகுகள் ஒரே நேரத்தில் கரைக்கு வந்தன, இரண்டிலும் சூரை. இடம் பற்றாததால் பெட்டிகளை ஒரே அடுக்காக வைக்கச் சொன்னேன். மறுநாள் வாங்கியவரிடமிருந்து போன்: ஒரு பெட்டி சரியில்லை, எந்தப் படகு? இரண்டு எடைச் சீட்டும் கையில் இருந்தன. எந்தப் பெட்டி எந்தச் சீட்டைச் சேர்ந்தது என்று சொல்லத்தான் வழியில்லை. கடைசியில் இரண்டு படகுச் சரக்கையும் திருப்பி எடுத்தோம். நல்ல மீன் கொடுத்த படகுக்காரர் அன்று என்னை முறைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே முதல் வேலை லாட் எண், அதாவது ஒரு தடவை வந்த சரக்கை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் எண். படகு, பயணம், கரை சேர்ந்த தேதி மூன்றும் அடங்கும்படி ஒரு எண் போடுங்கள். அதே எண் பெட்டியிலும், எடைச் சீட்டிலும், பில்லிலும் இருக்க வேண்டும். இரண்டு லாட்டைக் கலக்க நேர்ந்தால் புது எண் கொடுத்து, பழைய எண்கள் இரண்டையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

பயணப் பதிவேட்டில் படகின் பதிவு எண், உரிம எண், புறப்பட்ட நாள், திரும்பிய நாள், வலை வகை, பிடித்த இடம், இனவாரியாக எடை, கடலில் திருப்பி விட்டது. இதில் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். ஒன்று பெயர். 'சூரை' என்றால் போதாது. மஞ்சள் துடுப்புச் சூரையும் வரிச்சூரையும் வேறு வேறு இனங்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் மூன்றெழுத்துக் குறியீட்டில் முதலாவது ஒய்.எஃப்.டி., இரண்டாவது எஸ்.கே.ஜே. கடல் பகுதிக்கும் அதே அமைப்பு எண் வைத்திருக்கிறது: மேற்கு இந்தியப் பெருங்கடல் 51, கிழக்கு 57. ஏற்றுமதிக்குப் போகும் சரக்கில் இந்தக் குறியீடுகளைத்தான் கேட்பார்கள்.

மற்றொன்று எடை. தகராறில் பாதி இங்கேதான். கடலில் எழுதியது முழு மீன் எடை. கரையில் நிறுத்தது குடல் எடுத்தது, சில நேரம் தலையும் போனது. ஐஸ் தண்ணீர் வேறு. எண் ஒத்துப்போகாதபோது கேட்பவருக்கு மறைத்த மீன் என்றுதான் தோன்றும். எந்த நிலையில் நிறுத்த எடை என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு விதி, கடலில் மதிப்பிட்ட எடைக்கும் உண்மையான எடைக்கும் இனவாரியாக 10 சதவீத வித்தியாசம்தான் விட்டுக்கொடுத்தது. கண் மதிப்பு எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சூரை, கானாங்கெளுத்தி வகைகளுக்கு நேரமும் முக்கியம்: மீன் மேலே வந்த நேரம், ஐஸில் போட்ட நேரம், இறக்கும்போது உள் வெப்பநிலை. சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உருவாகும். உருவானபின் சமைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. புகார் வரும் நாளில் உங்களைக் காப்பாற்றுவது இந்த மூன்று எண்கள்தான்.

எத்தனை காலம் என்பது நாட்டுக்கு நாடு, சரக்குக்குச் சரக்கு மாறும். அமெரிக்காவில் மீன் பதப்படுத்துபவர் உணவுப் பாதுகாப்புப் பதிவுகளைக் குளிர்வித்த மீனுக்கு 1 வருடமும் உறைந்ததற்கு 2 வருடமும் வைக்க வேண்டும்; மட்டி, சிப்பி மூட்டையில் கட்டிய அட்டையை உணவகம்கூட 90 நாள் வைத்திருக்க வேண்டும். அங்கே 2022இல் இறுதியான தடமறியும் விதி (உணவு எங்கிருந்து எப்படி வந்தது என்று பின்தொடர்வதற்கானது), பிடித்த தேதி, இடம் முதலியவற்றை எழுதும் பொறுப்பைக் கரையில் முதலில் வாங்குபவர் மேல் வைக்கிறது. அவர் யாரைக் கேட்பார்? உங்களைத்தான். ஐரோப்பாவுக்குப் போகும் கடல் மீனுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். அதற்கும் தகவல் உங்கள் பதிவேட்டிலிருந்தே போக வேண்டும். யாருக்கு விற்கிறீர்களோ அவரிடம் அவருடைய கெடுவைக் கேட்டு, அதில் நீளமானதை வைத்துக்கொள்ளுங்கள். வரிக் கணக்குக்கான பில்லுக்குத் தனிக் கெடு உண்டு, அதைக் கணக்கரிடம் விடுங்கள்.

செயலியா நோட்டா என்று சிலர் சண்டை போடுவார்கள். உங்கள் உரிமத்தில் மின்னணுப் பதிவு கட்டாயம் என்றிருந்தால் பேச்சே இல்லை. இல்லையென்றால் பென்சிலும் தடித்த நோட்டும் போதும். பேனா மை உப்புத் தண்ணீரில் கரைந்து ஒரு மாதக் கணக்கே நீலக் கறையாகி வந்ததைப் பார்த்திருக்கிறேன். கரைக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, லாட் எண்ணையே அதற்குப் பெயராக வைத்துவிடுங்கள்.