பாத்தி யார் பக்கம் சரிகிறது?

கேள்வி: எங்கள் ஊர் தக்கலை பக்கம். அப்பா காலத்து ஓட்டு வீட்டை அண்ணனும் நானும் நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம், கூரை மட்டும் ஒன்றுதான். அண்ணன் குவைத்தில் இருக்கிறான், மைனியும் பிள்ளைகளும் இங்கே. போன பங்குனியில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து முன்பக்க இறவாரம் முழுக்க, 40 அடிக்கு, பிவிசி பாத்தி (கூரைத் தண்ணீரை ஏந்தி பைப்புக்குக் கொண்டுபோகும் நீளத் தொட்டி) மாட்டினோம். மைனிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மேசிரிதான் வேலை பார்த்தார். 24,000 ரூபாய் பேசி 21,000 கொடுத்தாயிற்று. முதல் மழையிலேயே ஜாயின்ட் ஒழுகியது. இப்போது பாத்தி நிரம்பி என் பக்கச் சுவரில் வழிகிறது, சுவரெல்லாம் பாசி. தண்ணீர் இறங்க ஒரே ஒரு 2 அங்குல பைப், அதுவும் என் பக்க மூலையில். மைனியிடம் சொன்னால் “எங்க பக்கம் ஒழுகல்லியே, நீங்களே ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணுங்க” என்கிறார். மேசிரி போனே எடுப்பதில்லை. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: கோர்ட்டை அப்புறம் பார்ப்போம். மழையில்லாத ஒரு காலையில் ஏணியும் ஹோஸும் எடுங்கள், மைனியையும் முற்றத்தில் வந்து நிற்கச் சொல்லுங்கள். அவர்கள் பக்கக் கோடியில் பாத்திக்குள் தண்ணீர் விட்டு, அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த ஜாயின்டில் சொட்டுகிறது என்று இரண்டு பேருமாகப் பாருங்கள், போனில் வீடியோவும் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிடுங்கள். “எங்க பக்கம் ஒழுகல்லியே” என்று மைனி சொன்னது பொய்யில்லை. அவர்கள் பக்கத்துக் கூரையில் விழுகிற தண்ணீரும் உங்கள் மூலைக்குத்தான் வருகிறது, அதனால் அங்கே ஒழுகாது. இதை வாயால் சொன்னால் சண்டை ஆகும், ஹோஸ் சொன்னால் ஆகாது.

சரி, எவ்வளவு தண்ணீர்? கூரை முகட்டிலிருந்து இறவாரம் வரை தரையில் அளந்தால் 15 அடி என்று வைத்துக்கொள்வோம். 40 அடி நீளத்துக்கு 600 சதுர அடி, ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஐப்பசியில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 2,800 லிட்டர், அத்தனையும் அந்த ஒற்றை 2 அங்குல பைப் வழியாக, நடுவில் தென்னம்பூவும் குரும்பையும் வந்து அடைத்துக்கொண்டு! நம் குமரி மாவட்டத்துக்கு வைகாசி கடைசியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. மற்ற ஊர்க்காரர்கள் ஒரு தடவை படுகிற பாட்டை நாம் இரண்டு தடவை படுகிறோம்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி, பாத்தியின் உச்சத்தை நடுச்சுவருக்கு நேர் மேலே வைப்பது. அங்கிருந்து இரண்டு பக்கமும் சரியட்டும், ஒவ்வொரு வீட்டு மூலையிலும் ஒரு பைப் இறங்கட்டும். 10 அடிக்குக் கால் அங்குலம் சரிவு போதும், ஆக பக்கத்துக்கு 20 அடியில் அரை அங்குலம். கண்ணால் பார்த்தால் தெரியாது, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து நூல் பிடித்தால்தான் தெரியும். உங்கள் மேசிரி நூல் பிடித்தாரா என்பது எனக்குச் சந்தேகம். பைப் 4 அங்குலமாகவே இருக்கட்டும், முடிந்தால் கிணற்றுப் பக்கம் திருப்பி, மணல் கரி வடிகட்டி வைத்து விடுங்கள்.

ஜாயின்ட் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் வெயில். பிவிசி சூட்டில் நீளும், 20 அடித் துண்டு ஒன்று காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டர் வரைகூட நீண்டு சுருங்கும். நீள இடம் விடாமல் முனையோடு முனை முட்டவைத்து, மேலே சிலிக்கானை அப்பிவிட்டால் நான்கு வெயில்கூடத் தாங்காது. திரும்பத் திரும்ப அப்புவதில் பயனில்லை, கழற்றி இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். கொக்கி எத்தனை அடிக்கு ஒன்று என்றும் பாருங்கள். 2 அடிக்கு ஒன்று, கழுக்கோலில் (ஓட்டைத் தாங்கும் சரிந்த கூரைக் கட்டையில்) திருகாணி போட்டு நிற்க வேண்டும். 4 அடிக்கு ஒன்று என்றால் நடுவில் தொய்ந்து தொட்டி மாதிரி தண்ணீர் நிற்கும். ஓட்டின் மூக்கு பாத்திக்குள் ஒன்றரை அங்குலம் அளவில் நிற்கிறதா, பாத்தியின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். அப்படி இருந்தால் நிரம்பினாலும் முற்றத்தில் கொட்டும், சுவரில் வழியாது. பாசி பிடித்த ஓட்டில் மட்டும் கால் வைக்காதீர்கள், ஏணியில் நின்றே பார்த்தால் போதும்.

மேசிரியிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டாம், மைனி கூப்பிட்டால் எடுப்பார். சரிவும் கொக்கியும் ஜாயின்டும் அவர் செய்த பிழை, கூலி வாங்காமல் திருத்தித் தர வேண்டும். புதிதாக இறக்கும் பைப்புக்கான காசை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி போடுங்கள், அது முதலில் பேசாத வேலை. நிறுத்தி வைத்திருக்கும் 3,000 ரூபாயை ஹோஸ் சோதனை முடிந்த பிறகே கொடுங்கள். பேசியதை வாட்ஸ்ஆப்பில் இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள், சொந்தக்காரர் என்றால் கட்டாயம் அனுப்புங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, பணம் அனுப்பிய ஜிபே விவரமும் வீடியோவும் சாட்சிக்கு உதவும். ஆனால் 24,000 ரூபாய் வேலைக்கு எத்தனை நாள் லீவு போடுவீர்கள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கேள்வி: குளச்சலில் கடலோரம் வீடு. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகரப் பாத்தி மூன்றே வருடத்தில் துரு. பெயின்ட் அடித்தால் தாங்குமா?

பதில்: ஓட்டை விழுந்த இடத்தில் தாங்காது. உப்புக் காற்று துத்தநாகப் பூச்சை வேகமாகத் தின்றுவிடும். அலுமினியம் அல்லது பிவிசிக்கு மாறுங்கள், திருகாணியும் கொக்கியும் துருப்பிடிக்காத எஃகாக வாங்குங்கள். பாத்தி நன்றாக இருக்கும்போதே ஆணி துருவேறி விழுந்த வீடுகளை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.