புல்தரையில் நெருப்பெறும்பு: நாய்க்குட்டியும் பூனையும் இருக்கும் வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: வீட்டு முன்புறம் இரண்டு சென்ட்டில் கொரியன் புல் வளர்த்திருக்கிறோம். ஆங்காங்கே மண்ணைப் பொலபொலவென்று தள்ளி, செவ்வெறும்பு புற்று வைத்திருக்கிறது. நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளின் வயிற்றில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பூனையும் வளர்க்கிறோம். வயலுக்கு வாங்கிய குருணை மருந்து மிச்சம் இருக்கிறது. தூவலாமா?

பதில்: குருணையைத் தொடவே வேண்டாம். பழைய இருப்பில் கிடப்பது ஃபோரேட்டாக இருக்கலாம். அது 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து. தண்ணீர் பட்டதும் வேர் வழியாகப் புல்லுக்குள் ஏறிவிடும். நாயும் பூனையும் புல்லைக் கடித்துத் தின்பவை என்பதை மறக்காதீர்கள். எறும்புச் சாக்பீஸும் எறும்புப் பொடியும்கூட உங்கள் வீட்டுக்கு ஆகாது. பெரும்பாலும் அவற்றில் இருக்கும் பைரித்திராய்டு வகை மருந்தைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க முடியாது.

நீங்கள் சொல்வது நெருப்பெறும்புதான். புற்றைக் குச்சியால் லேசாகக் கிளறிப் பாருங்கள். பெரிய தலையுள்ள சில எறும்புகளும் கலந்து, கூட்டமாகப் பாய்ந்து ஏறினால் சந்தேகமே இல்லை. கடிக்காத பிள்ளையார் எறும்பு என்றால் விட்டுவிடுங்கள், புல்லுக்கு அதனால் கேடில்லை.

குட்டிகள் இருக்கும் இடத்தை ஒட்டிய புற்றுக்கு மட்டும் கொதிநீர். வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரத்தில் முட்டையும் புழுவும் மேல்மண்ணுக்கு வந்திருக்கும். அப்போது ஒரு புற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொதிநீரை நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். ஒரு சொம்பு ஊற்றினால் மேலே இருப்பவை சாகும், ராணி ஆழத்தில் பிழைத்து ஓரடி தள்ளிப் புதுப்புற்று வைக்கும். அந்த இடத்துப் புல் கருகும், பிறகு பக்கத்திலிருந்து பெயர்த்து நட்டுக்கொள்ளலாம். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், நாயைக் கட்டி வையுங்கள்.

மற்ற புற்றுகளைக் கலைக்காமல் இரை வையுங்கள். கால் லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 25 கிராம் சர்க்கரை, இரண்டரை கிராம் போரிக் அமிலம் கரையுங்கள். அது கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பொரிக்காத வெண்காரம் நான்கு கிராம் போதும். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த அளவில்தான். சீக்கிரம் சாகட்டும் என்று இரண்டு மடங்கு போடுவார்கள். வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிடும், இரை ராணியின் வாய்க்குப் போகாது. நஞ்சு மெதுவாக வேலை செய்தால்தான் கூடே அழியும்.

கரைசலில் பஞ்சை நனைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். டப்பாவின் கீழ்விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் துளைகள் நாலைந்து போடுங்கள். புற்றின் மேல் வைக்காமல், எறும்புச் சாரை போகும் வழியில் ஓரிரண்டு அடி தள்ளி வைத்து, நடுவில் துளையுள்ள சிமென்ட் கல்லுக்குள் செருகி, மேலே இன்னொரு கல் ஏற்றிவிடுங்கள். போரிக் அமிலம் நாய்க்கும் கேடுதான், டப்பாவைக் கடித்துக் குடித்தால் வாந்தி எடுக்கும். மண்ணில் சிந்தினால் புல்லும் காயும். வெயிலில் கரைசல் புளித்துவிடும், மூன்று நாளுக்கொருமுறை மாற்றுங்கள்.

சர்க்கரையை எறும்பு சீண்டவில்லையா? ஓர் அட்டையில் சர்க்கரை நீரும் இன்னொன்றில் பொடித்த வறுகடலையும் மருந்தில்லாமல் வைத்துப் பாருங்கள். கடலைக்கு மொய்த்தால் அதிலேயே சிறிது கடலை எண்ணெய் பிசைந்து, நூறு கிராமுக்கு ஒரு கிராம் போரிக் அமிலம் கலந்து வையுங்கள். வாசனைக்கு நாய் தேடி வரும் என்பதால் இதற்குக் கல் மூடி இன்னும் கனமாக இருக்கட்டும்.

பலன் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை டப்பாவின் அருகே வேப்பெண்ணெயோ சோப்புக் கரைசலோ தெளிக்காதீர்கள், எறும்பு வழியை மாற்றிவிடும். நாய்க்குச் சோறு வைக்கும் தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் வையுங்கள். பக்கத்துச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது சுரக்கும் இனிப்பு நீர் இருக்கும்வரை உங்கள் சர்க்கரைக் கரைசலுக்கு மதிப்பில்லை. தாக்கிய கிளைகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

குட்டிகளை இன்றே புல்லிலிருந்து மாற்றுங்கள். உடம்பில் எறும்பு ஏறியிருந்தால் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த துணியால் தட்டித் துடையுங்கள், நனைந்தால் இன்னும் இறுகப் பற்றும். கொப்புளத்தை உடைக்காமல் ஈரத்துணி ஒத்தடம் கொடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும்.