மண் கூடு கட்டும் குளவி உள்ளூரா, வந்தேறியா?

கேள்வி: வெளிச்சுவரில் சின்னஞ்சிறு குடம் போல மண் கூடு கட்டும் ஒரு குளவியைப் பார்க்கிறேன். மெல்லிய இடை, மஞ்சளும் பழுப்புமாக உடல். எங்கள் பகுதிப் பூச்சிகளுக்கான கையேட்டில் இப்படி ஒன்று இல்லை. வேறு நாட்டிலிருந்து வந்ததா என்று எப்படி அறிவது? கூட்டை அழித்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கூட்டில் கை வைக்காதீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் அது குடம் வனைவது போல மண் கூடு கட்டும் குயவன் குளவிதானா என்று தெரிய வேண்டும். மெல்லிய இடையையும் மண் கூட்டையும் வைத்தே பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சிலந்தி பிடிக்கும் மண் குளவிகளுக்கும் இவை இரண்டும் உண்டு. ஆனால் அவை முற்றிலும் வேறு குடும்பம். குளவி உட்கார்ந்திருக்கும்போது இறக்கையைக் கவனியுங்கள். குயவன் குளவி முன் இறக்கையை நீளவாக்கில் மடித்து ஒடுக்கமான பட்டையாக வைத்துக்கொள்ளும். மண் குளவியின் இறக்கை மடியாது. நெருக்கமான படம் இருந்தால் கண்ணையும் பாருங்கள்: குயவன் குளவியின் கூட்டுக்கண் (பல நுண்கண்கள் சேர்ந்த பெரிய கண்) உட்பக்கம் குழிந்து சிறுநீரக வடிவில் இருக்கும்.

தானாக உடைந்து விழுந்த அறை ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. உள்ளே காவடிப்புழு போன்ற புழுக்கள் இருந்தால் குயவன் குளவி. சிலந்திகள் இருந்தால் மண் குளவி. குயவன் குளவி அறையைக் கட்டியதும் முதலில் முட்டையை ஒரு மெல்லிய இழையில் உள்ளே தொங்கவிடும். அதன் பிறகுதான் கொட்டி மயக்கிய புழுக்களைக் கொண்டுவந்து நிரப்பி, வாயை மண்ணால் அடைக்கும். இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஆசியாவைச் சேர்ந்த ஸ்கெலிஃப்ரான் கர்வாட்டம் என்ற மண் குளவி 1979-இல் ஆஸ்திரியாவில் கண்டறியப்பட்டு, பின்னர் ஐரோப்பாவில் பரவலாகப் பரவியது. அதைக் குயவன் குளவி என்று எண்ணிக் குழம்புவது மிக எளிது.

அடுத்து பெயர். குயவன் குளவிகள் வெஸ்பிடே குடும்பத்தில் யூமெனினே என்ற துணைக்குடும்பம். 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்டது. பழைய நூல்களில் யூமெனிடே என்று தனிக் குடும்பமாகவே இருக்கும். 2018-இல் வெளியான மரபணு ஆய்வு இதிலிருந்து ஜீத்தினே என்ற கிளையைத் தனியாகப் பிரித்தது. உங்களுக்கு முக்கியமானது வேறொன்று: முன்பு யூமெனிஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைத்திருந்த பலவற்றை இன்று டெல்டா, ஜீட்டா எனப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே கையேட்டில் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன் பழைய பெயரிலும் தேடுங்கள்.

இவை கடல் கடப்பது பெரும்பாலும் பறந்து அல்ல. அடைத்த அறைக்குள் குளவியின் இளம்புழு உணவை முடித்துவிட்டுப் பட்டிழைக்குள் ஒடுங்கி, ஏற்ற பருவம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். அந்தக் கூடு ஒரு சரக்குப் பெட்டியிலோ இயந்திரத்தின் அடியிலோ ஒட்டியிருந்தால் போதும். தென் ஃபுளோரிடாவில் ஆப்பிரிக்காவின் டெல்டா கேம்பனிஃபார்மே ரெண்டாலியும் தென் அமெரிக்காவின் ஜீட்டா ஆர்ஜிலேசியமும் நிலைத்துவிட்டதை 1986-இல் ஒரு கட்டுரை பதிவு செய்தது. ஹவாய்த் தீவுகளிலும் வெளியிலிருந்து வந்த டெல்டா இனங்கள் உண்டு.

குடம் கட்டாமல் துளைகளில் புகுந்து மண்ணால் அடைக்கும் உறவினங்கள்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகின்றன. பிரிஸ்பேன் விமான நிலையத்தில் 2013 நவம்பரில் சுமார் இரண்டு மணி நேரம் தரையில் நின்ற ஒரு விமானம், கிளம்பியதும் வேகமானி தவறாகக் காட்டியதால் திரும்ப நேர்ந்தது. வேகத்தை அளக்கும் பிடோட் குழாயில் குளவி மண். அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த பாக்கிடைனெரஸ் நாசிடென்ஸ் என்ற குளவியே அங்கே இப்படிக் குழாய்களை அடைக்கிறது. பின்னர் முப்பரிமாண அச்சில் செய்த போலிக் குழாய்களை அங்கே பொருத்தி 39 மாதங்கள் கவனித்தார்கள். 93 முறை அவை முழுமையாக அடைபட்டன, எல்லாமே இந்த ஒரே இனத்தால். முடிவுகள் 2020-இல் வெளியாயின.

உங்கள் சுவர்க் கூட்டால் அப்படி ஆபத்து எதுவும் இல்லை. தனித்து வாழும் குளவி. கூட்டைக் காக்கக் கூட்டமாகத் துரத்தாது, கையில் பிடித்தால்தான் கொட்டும். எரிவாயு அடுப்பின் முனைகள், இயந்திரங்களின் காற்றுத் துளைகள் ஆகியவற்றை மட்டும் நுண்ணிய வலையால் மூடிவையுங்கள். வந்தேறி இனம் ஏற்கெனவே நிலைத்துவிட்டால் ஒரு கூட்டை உடைத்து அதை நிறுத்த முடியாது. இப்போதுதான் நுழைகிறது என்றால் அந்தக் கூடு மதிப்புள்ள சான்று. உடைத்துவிட்டால் சான்றும் போய்விடும்.

எனவே குளவியை மேலிருந்தும் பக்கவாட்டிலும் முகத்துக்கு நேராகவும் படமெடுங்கள். கூட்டையும் அது ஒட்டியிருக்கும் பரப்பையும் சேர்த்து எடுத்து, நாளும் இடமும் குறித்து, அருகிலுள்ள பூச்சியியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள். கூட்டையே அவர்கள் கேட்டால், அடைத்த அறையை முழுதாகப் பெயர்த்து, வாயில் மெல்லிய துணி கட்டிய குப்பியில் வையுங்கள். வெளிவருவது பளபளக்கும் பச்சை நீலப் பூச்சியாக இருந்தால் அது கூடு கட்டிய குளவி அல்ல, அதன் குஞ்சைத் தின்று வளர்ந்த பொற்குளவி. அதையும் தூக்கி எறியாமல் கூட்டோடு சேர்த்து அனுப்புங்கள்.