தடித்த பெல்ட் வேண்டாம், வளையத்தை மாற்றுங்கள்

கேள்வி: 180 கிலோ எடையுள்ள பைக்கை டிரெய்லரில் ஏற்றிப் போக, இரும்புக் குழாயில் முன்சக்கரத் தாங்கி ஒன்றை நானே செய்து, பிளைவுட் தரையில் ஸ்குரூ போட்டு முடுக்கினேன். தாங்கியை ஒட்டி இருபுறமும் ஒவ்வொரு வளையம். ஹேண்டில் பாரிலிருந்து அவற்றுக்கு, பல்சக்கரப் பிடியால் முடுக்கும் இரண்டு ராட்செட் பெல்ட். முதல் பயணத்திலேயே ஒரு வளைவில் பைக் சாய்ந்துவிட்டது. ஒரு வளையம் தரையிலிருந்து பாதி பிடுங்கி நின்றது. இன்னும் தடித்த பெல்ட் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. உங்கள் பெல்ட் அறுந்ததா? இல்லையே. பிடுங்கிக்கொண்டது வளையம். தடித்த பெல்ட் வாங்கி இன்னும் பலமாக முடுக்கினால் அதே ஸ்குரூவை இன்னும் வேகமாகப் பிடுங்குவீர்கள், அவ்வளவுதான்.

சரக்கு கட்டும் கணக்கில், திடீர் பிரேக்குக்கு எடையில் 0.8 பங்கு முன்னோக்கியும், வளைவுக்குப் பாதி எடை பக்கவாட்டிலும் தள்ளும் என்று வைத்துக்கொள்வார்கள். உங்கள் பைக்குக்கு அது 144 கிலோவும் 90 கிலோவும். அந்த 90 கிலோ சக்கரத்தடியில் தள்ளுவதில்லை. எஞ்சின் உயரத்தில் தள்ளுகிறது. பைக் கவிழப் பார்ப்பது அதனால்தான். சக்கரத் தாங்கி பைக் உருளாமலும் முன்சக்கரம் திரும்பாமலும் பார்த்துக்கொள்ளும். நிமிர்த்தி வைப்பது பெல்ட்டின் வேலை.

பெல்ட் அதைச் செய்ய வேண்டுமானால் அகலமாக விரிந்து இறங்க வேண்டும். நீங்கள் தாங்கிக்குப் பக்கத்திலேயே வளையம் வைத்ததால் பெல்ட் கிட்டத்தட்ட நேர்கீழாக இறங்கியிருக்கும். செங்குத்துக் கோட்டிலிருந்து 20 டிகிரி மட்டும் விலகிய பெல்ட்டை 100 கிலோ விசையில் இழுத்தால், பக்கவாட்டுப் பிடிப்பாக மிஞ்சுவது 34 கிலோதான். அதையே 45 டிகிரி விரித்தால் 70 கிலோ. பெல்ட்டும் அதுதான், முடுக்கும் கையும் அதுதான். பிடிப்பு இரண்டு மடங்கு. ஆகவே வளையங்களை டிரெய்லரின் ஓரத்துக்கு, தாங்கியைவிடக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோங்கள்.

மர ஸ்குரூவைத் தூக்கிப் போடுங்கள். அது பிளைவுட்டின் நாரை மட்டும் நம்பி நிற்கிறது. தரை ஒருமுறை நனைந்து ஊறினால் அந்த நாரும் போச்சு. தலையில் 8.8 என்று பொறித்த 10 மி.மீ. போல்ட் நேர் இழுப்பில் மூன்று டன்னுக்கு மேல் தாங்கும். அதை டிரெய்லரின் இரும்புச் சட்டத்தின் ஊடாகவே இறக்குங்கள். சட்டம் எட்டாத இடமானால் தரைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கனமான இரும்புத் தகடு கொடுத்து, நைலான் பிடியுள்ள லாக் நட் போடுங்கள். கம்பியை வளைத்து, வாய் பற்றவைக்காமல் விட்ட வளையம் வேண்டாம். சாய்வாக இழுத்தால் அதன் வாய் மெல்லத் திறந்துகொள்ளும்.

வெல்டிங்குக்கு வெளியே கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன், இதை விடாப்பிடியாகக் கேளுங்கள்: "பெயின்ட் அடிக்காமல் கொடுங்கள்." என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு தாங்கி, பளபளவென்று கறுப்பு பெயின்ட்டோடு பார்க்க அழகாக இருந்தது. சுரண்டிப் பார்த்தால் மூலைக்கு இரண்டு பொட்டு வைத்திருந்தார்கள், மீதி இடைவெளியைப் பட்டி பூசி மூடியிருந்தார்கள். கையால் முறுக்கினேன், கழன்று வந்தது. பற்றவைப்பு இணைப்பு முழுவதும் தொடர்ந்து ஓட வேண்டும், ஓட்டை ஓட்டையாக இருக்கக் கூடாது. மிச்சமான தண்ணீர்க் குழாயைக் கொண்டு செய்து தருகிறேன் என்பார்கள். அதன் மேல் உள்ள துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் பற்றவைத்தால் இணைப்பும் கெடும், அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் வரும்.

பெல்ட் விற்பவர்களின் தந்திரம் வேறு. அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் அறுந்துபோகும் எடை. நம்பிக் கட்டக்கூடிய எடை வழக்கமாக அதில் மூன்றில் ஒரு பங்கு. 900 என்று போட்டிருந்தால் 300 என்று படியுங்கள். ஐரோப்பியத் தரவிதிப்படி பாலியெஸ்டர் பெல்ட்டில் நீல லேபிள் தைத்து, தாங்கும் அளவை அதில் எழுத வேண்டும். விதி எழுதி என்ன பயன்? லேபிளே இல்லாத பெல்ட் கடை கடையாகத் தொங்குகிறது. சாலையில் நிறுத்துகிறவர்களும் காகிதத்தைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. லேபிள் இல்லாததை வாங்காதீர்கள்.

கட்டும் முறைக்கு வருவோம். ஹேண்டில் பாரை விடுங்கள். முன்சக்கரத்தைப் பிடித்து அமுங்கி எழும் இரண்டு குழாய்தான் ஃபோர்க்; அவை இரண்டையும் இணைக்கும் கீழ்த் தகட்டில் துணி வளையம் மாட்டி, அதில் கொக்கியை மாட்டுங்கள். பிரேக் குழாயும் கேபிளும் நடுவில் சிக்கக் கூடாது. சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டு, ஃபோர்க் பாதி அமுங்கும் வரை இருபுறமும் மாற்றி மாற்றி முடுக்குங்கள். ராட்செட் கையில் இருந்தால் இன்னும் நாலு பல் ஏற்றத் தோன்றும். முழுக்க அமுக்கினால் ஃபோர்க்கில் எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் பாழாகலாம். போதாமல் விட்டால் அதைவிட ஆபத்து. பள்ளத்தில் சக்கரம் விழும்போது ஃபோர்க் இன்னும் அமுங்கும், அந்த ஒரு நொடி பெல்ட் தொளதொளத்துப் போகும், வாய் திறந்த கொக்கி வளையத்திலிருந்து துள்ளி வெளியே வந்துவிடும். வாயில் பூட்டு நாக்கு உள்ள கொக்கியைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவே.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: மண்பாதை பைக். அதன் ஃபோர்க் அமுங்கி எழும் தூரம் சுமார் 300 மி.மீ. இருக்கும், பாதி அமுக்குவதென்றால் 150 மி.மீ. அப்படிப்பட்ட பைக்குக்கு முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மரக்கட்டை ஒன்றைக் கொடுத்துக் கட்டலாம். கட்டை பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், ஃபோர்க் அதற்கு மேல் அமுங்காது, பெல்ட்டும் தளராது. இதைப் பார்த்துவிட்டுச் சாலை பைக்கிலும் கட்டை வைக்கிறார்கள். அது தவறு. மண்பாதை பைக்கில் மட்கார்டு உயரத்தில், ஃபோர்க்கின் கீழ்த் தகட்டோடு நிலையாக நிற்கும். கட்டை கடைசியில் அந்தத் தகட்டில் முட்டி நிற்கிறது. சாலை பைக்கின் மட்கார்டோ டயரை ஒட்டி, சக்கரத்தோடு சேர்ந்தே மேலும் கீழும் போகும். அங்கே கட்டை எதையும் தாங்காது, மட்கார்டுதான் உடையும். உங்களுடையது சாலை பைக் என்றால் கட்டை பேச்சே வேண்டாம்.

பின்பக்கம் பக்கத்துக்கு ஒரு பெல்ட்டாக இரண்டு போதும். சக்கரம் பக்கவாட்டில் துள்ளாத அளவுக்கு லேசாக இறுக்குங்கள். கிளம்பிப் பதினைந்து கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி நான்கையும் அழுத்திப் பாருங்கள், முதல் தடவை கட்டாயம் தளர்ந்திருக்கும்.

நீங்கள் செய்த தாங்கியை வீச வேண்டாம். டயர் முன்னாலும் இரு பக்கமும் அதில் அழுந்தி உட்கார்ந்தால், ஸ்குரூவுக்குப் பதில் நான்கு போல்ட் போட்டு அதையே பயன்படுத்தலாம்.