களிமண் நிலத்தில் இயற்கை வேளாண்மை: வாசகர் கேள்விகளும் விடைகளும்

வீட்டுத் தோட்டம் முழுவதும் கரிசல் மண். ஆற்று மணல் கலந்தால் பொலபொலப்பாகுமா? (விருதுநகர்)

எவ்வளவு மணல் தேவை என்று கணக்கிட்டுப் பார்த்தால் அந்த எண்ணத்தை நீங்களே கைவிட்டுவிடுவீர்கள். ஒரு சென்ட் நிலத்தில் அரை அடி ஆழம் வரையுள்ள மண் ஏறத்தாழ 8 டன் எடையிருக்கும். அதில் பாதி களி என்று கொண்டால், களியின் பங்கை 20 விழுக்காட்டுக்குக் குறைக்க 12 டன் மணல் வேண்டும். மணல் இன்று விற்கும் விலையில் இது நடக்கிற காரியமன்று. அதற்கும் குறைவாகச் சில கூடைகள் மட்டும் கொட்டினால், மணல் துகள்களின் இடைவெளிகளைக் களி அடைத்துக்கொண்டு, காய்ந்ததும் மண் செங்கல்லைப் போல இறுகிவிடும்.

அந்தச் செலவில் நன்கு மட்கிய தொழு உரம் வாங்குங்கள். ஏக்கருக்கு 5 டன் என்பது வழக்கமான அளவு; அதாவது சென்டுக்கு 50 கிலோ. காய்கறித் தோட்டத்துக்கு முதலிரண்டு ஆண்டுகள் இதைப்போல் இரு மடங்கு இடலாம். மட்கை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையே களித்துகள்களைச் சிறு உருண்டைகளாகத் திரட்டி, அவற்றினிடையே காற்றும் நீரும் புகுவதற்கு வழி செய்கிறது. நமது வெப்பத்தில் மட்கு விரைவில் சிதைந்துவிடும் என்பதால், ஒருமுறை இட்டுவிட்டு நிறுத்தாமல் ஆண்டுதோறும் இட வேண்டும். இடையில் மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் வைக்கோல், இலைதழைகளால் மூடாக்கு இடுவதும் அவசியம்.

ஜிப்சம் போட்டால் களிமண் இளகும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். உண்மையா? (தூத்துக்குடி)

உங்கள் மண்ணில் சோடியம் மிகுந்திருந்தால் உண்மை. இல்லையென்றால் வீண் செலவு. ஜிப்சத்தில் உள்ள கால்சியம், களித்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விலகிய சோடியத்தை நல்ல நீர் பாய்ச்சி வடித்து வெளியேற்ற வேண்டும். வடிகால் இல்லாத நிலத்தில் ஜிப்சம் இடுவது பாதி வேலைதான். கரிசலில் ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால், சோடியம் இல்லாத கரிசலுக்கு ஜிப்சத்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

இதை வீட்டிலேயே சோதித்து ஓரளவு அறியலாம். சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டியை ஒரு கண்ணாடிக் குவளையில் உள்ள மழைநீரில் மெதுவாக இட்டு, அசைக்காமல் விட்டுவிடுங்கள். கட்டி உடைந்து உதிர்ந்தாலும் நீர் தெளிவாகவே இருந்தால் மட்குக் குறைவு. தொழு உரமே மருந்து. சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் பரவினால் சோடியம் மிகுந்த களர்த்தன்மை இருக்கலாம். அப்போது மண் பரிசோதனை நிலையத்தில் ஜிப்சம் தேவையின் அளவைக் கேட்டறிந்து இடுங்கள். பாய்ச்சும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் சேர்த்தே சோதியுங்கள். பல தோட்டங்களில் சோடியம் வருவதே அந்த நீர் வழியாகத்தான்.

இயற்கை வேளாண்மைச் சான்று பெற எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரத் தொழிற்சாலைகளில் துணைப்பொருளாக வரும் பாஸ்போ ஜிப்சமும் ஜிப்சம் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அது வெட்டியெடுக்கும் இயற்கைக் கனிமம் அன்று. வாங்குவதற்கு முன்பே சான்றளிக்கும் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளத்து வண்டல் அடிக்கலாமா? (கோவில்பட்டி)

மணற்பாங்கான நிலத்துக்கும் செவலுக்கும் அது அருமருந்து. கரிசலுக்கு வேண்டாம், வண்டலிலும் களியே மிகுதி.

உழும்போது பாளம் பாளமாகப் பெயர்கிறது. எப்போது உழுவது? (மன்னார்குடி)

அரை அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் திரித்துப் பாருங்கள். பென்சில் கனத்துக்கு முறியாமல் நீண்டால் ஈரம் அதிகம். திரிக்கும்போதே முறிந்து உதிர்ந்தால் பதம் சரி. களிமண்ணில் அந்தப் பதம் சில நாட்களே நிற்கும், அதைத் தவறவிடக் கூடாது. ஈரம் மிகுந்த நிலத்தில் டிராக்டரை இறக்கினால், ஒரே நாளில் ஏற்படும் இறுக்கத்தைச் சரிசெய்யப் பல பருவங்கள் ஆகும்.

உங்கள் பகுதியில் ஆண்டாண்டாகச் சேற்றுழவு செய்ததால் அடியில் கடினத் தட்டு உருவாகியிருக்கக்கூடும். கோடையில் மண் நன்கு காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் ஒன்றரை அடி ஆழம் வரை கீறிவிடுங்கள். ஈரத்தில் கீறினால் தட்டு உடையாது. பின்னர், நீர் தேங்கினாலும் தாங்கும் தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். வெடிப்பு விடும் கரிசலில் உளிக்கலப்பைக்கு அவ்வளவு வேலையில்லை. ஆழமான அந்த வெடிப்புகள் மண்ணைத் தாமே பிளந்துவிடுகின்றன.

தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது. அப்படியே இடலாமா? (பொள்ளாச்சி)

மட்கச் செய்யாமல் இடாதீர்கள். பச்சை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூறுக்கு ஒன்றையும் தாண்டும் என்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்; இலைகள் வெளுக்கும். சிப்பிக்காளான் வித்துடன் சாணமோ கோழி எருவோ சேர்த்து, ஈரம் காத்து மட்கவைத்தபின் இடுங்கள்.

ஐப்பசி மழையில் கத்தரிச் செடிகள் நீர் தேங்கி வாடுகின்றன. (அருப்புக்கோட்டை)

எந்த எருவும் அடுத்த மழைக்குள் இதைத் தீர்க்காது, மேட்டுப்பாத்திதான் வழி. ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் என்னும் பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம் கரிசலுக்கென்றே வகுத்த முறையில், ஒரு மீட்டர் அகல மேட்டுப்பாத்தியும் அரை மீட்டர் அகலச் சாலும் மாறிமாறி அமையும். சால்களை லேசான சரிவில், வழிந்தோடும் நீர் ஒரு பண்ணைக்குட்டையில் சேரும்படி எடுங்கள். பாத்திகளைப் பருவந்தோறும் கலைக்காமல் நிலையாக வைத்து, நடப்பதையும் வண்டி ஓட்டுவதையும் சால்களோடு நிறுத்திக்கொண்டால், வேர் ஓடும் மண் மிதிபடாது. பாத்தி எடுக்கும் வேலையைக் கோடை உழவோடு முடித்துவிடுங்கள். மழை தொடங்கியபின் அந்த மண்ணில் கால் வைக்கவே முடியாது.