மனைவியை இழந்த நண்பர் அழைப்பை எடுப்பதில்லை

"எது வேண்டுமானாலும் கேள்" என்று மனைவியை இழந்த உங்கள் நண்பரிடம் இனி சொல்லாதீர்கள். "சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன், வாரிசுச் சான்றிதழுக்கான தாள்களைச் சேர்த்துவிடுவோம்" என்று நாளும் வேலையும் குறித்துச் சொல்லுங்கள்.

மூன்று மாதமாக அவர் உங்கள் அழைப்பை எடுக்காததற்குக் கோபமே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினாறாம் நாள் காரியம் வரை நிரம்பியிருந்த வீடு மறுநாளே வெறிச்சோடிவிடும். அதன்பின் ஒவ்வொரு அழைப்பிலும் வருகிற "எப்படி இருக்கிறாய்" என்ற கேள்விக்கு விடை தேடுவதே ஒரு சுமையாகிவிடுகிறது. தனக்கு என்ன தேவை என்று யோசித்துக் கேட்கும் தெம்பும் அப்போது இருப்பதில்லை.

"பதில் எழுத வேண்டாம், மாலை சாப்பாட்டோடு வருகிறேன், பேச மனமில்லையென்றால் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். உள்ளே அழைத்தால் அவருடைய மனைவியின் பெயரைத் தயங்காமல் சொல்லிப் பேசுங்கள். எல்லோரும் அதைத் தவிர்ப்பதுதான் (இது என் கருத்து) பெரிய தவறு.

ஆனால், வாழ்வதில் பொருளில்லை என்ற தொனியில் அவர் பேசினால், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. உண்டு என்றால் அவரைத் தனியே விடாமல், 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அவர் அருகிலிருந்தே அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.